ரத்த குரூப் பார்த்துச் சாப்பாடு: வீட்டில் மூணு பேர், மூணு லிஸ்ட், ஒரே அடுப்பு

பொருநைக்கரை
திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். வீட்டுக்காரருக்கு சுகர் மாத்திரை போயிக்கிட்டிருக்கு, தொப்பையும் குறைய மாட்டேங்குது. அவுக கூட வேலை பாக்கிறவர் சொன்னாருன்னு ஒரு இயற்கை வைத்திய கிளினிக்குக்குப் போனோம். பேர் வேண்டாம். அங்க பழைய ரிப்போர்ட்டு எதையும் பாக்கல. "ரத்த குரூப் என்ன?"ன்னு மட்டும் கேட்டாங்க. மேசை டிராயர்ல லேமினேட் பண்ணின ஷீட்டு குரூப் வாரியா அடுக்கி வச்சிருக்காங்க, அதுல இருந்து ஒண்ண உருவிக் குடுத்தாங்க. "குடும்பத்துக்கே வாங்கிக்கோங்க"ன்னு எனக்கும் மகளுக்கும் சேத்து.

அவுக ஏ பாசிடிவ். ஆடு, கோழி, பால், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் வேண்டாம். கீரை, சோயா, கொள்ளு நல்லது. நான் பி பாசிடிவ். ஆட்டுக்கறி சாப்பிடலாமாம், கோழிய தொடக்கூடாதாம்! பால் தயிர் நல்லது; தக்காளி, எள்ளு, நிலக்கடலை, மைசூர் பருப்பு ஆகாது. எட்டாவது படிக்கிற மக ஓ பாசிடிவ். அவளுக்கு கறி மீன் நிறைய, கோதுமை கூடாது, பால் தயிர் அறவே நிறுத்தணும்.

இப்ப என் அடுப்பங்கரைய யோசிச்சுப் பாருங்க. எள்ளு ஆகாதுன்னா நல்லெண்ணெயும் ஆகாது, அப்ப எனக்கு மட்டும் தோசைக்கு வேற எண்ணெய். இட்லிப்பொடி தனி. ரசத்துல எனக்கும் அவுகளுக்கும் தக்காளி கிடையாது, மகளுக்கு உண்டு. இதுல சுகர் டாக்டர் ராத்திரிக்கு சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்காரு, ஷீட்டு கோதுமைய குறைங்குது.

எனக்கு ரெண்டு கேள்விதான். இதுல உண்மை இருக்கா? மகளுக்கு பால நிறுத்தலாமா?

எட்டிப்பார்த்தவன்
திங்கள், இரவு 9.24

ஏபி குரூப்ல ஒரு விருந்தாளி வந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க, நாலு பர்னர் அடுப்பு இருக்கா?

சேலம்_ஓபாசிடிவ்
திங்கள், இரவு 10.02

கிண்டல் பண்றது ஈஸி. நான் இதைக் கடைப்பிடிக்கிறவன், அனுபவத்துல சொல்றேன்.

நான் ஓ. பரோட்டா, பேக்கரி ஐட்டம், டீக்கடை பிஸ்கட், சக்கரை போட்ட டீ எல்லாத்தையும் விட்டேன். மதியம் சோத்தைப் பாதியா குறைச்சு காயும் மீனும். ராத்திரி கறியோ முட்டையோ, கூட பொரியல். மூணு மாச சராசரி சுகர் எட்டுக்கு மேல இருந்தது, இப்ப ஏழுக்குக் கீழ. பழைய பேண்ட்டெல்லாம் டெய்லர்கிட்ட குடுத்து இடுப்பு பிடிச்சுட்டு வந்தேன்.

இதுக்குப் பின்னாடி ஒரு லாஜிக் இருக்கு. ஆதி மனுஷன் எல்லாருமே ஓ குரூப்தான். வேட்டையாடிக் கறி தின்னவன். விவசாயம் வந்தப்ப ஏ குரூப் வந்தது, அவனுக்கு தானியமும் காயும் ஒத்துக்கும். ஆடு மாடு மேய்ச்சவன் பி, அவனுக்குப் பால். ஏபி கடைசியா வந்தது. முன்னோர் சாப்பிட்டது நமக்கு ஒத்துக்கும். இதுல என்ன தப்பு? அமெரிக்க டாக்டர் ஆராய்ச்சி பண்ணி எழுதின புத்தகம் இது.

கைப்பிடி_உப்பு
திங்கள், இரவு 11.15

கோயமுத்தூருங்க, உணவியல் நிபுணரா வேலை பாக்கறேன். முதல்ல அக்காவோட ரெண்டாவது கேள்வி, அதுதான் அவசரம்.

பால நிறுத்தாதீங்க. 13 வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்கு கால்சியம் வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. எலும்பு கெட்டிப்படற வயசு. பசும்பால் 100 மில்லில ஏறக்குறைய 120 மில்லிகிராம் கிடைக்கும். ரெண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் போனா பாதிக்கணக்கு போச்சு. பால் பிடிக்காத குழந்தைன்னா கேப்பை, முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடற நெத்திலின்னு ஈடு கட்டலாம். பிடிச்சுக் குடிக்கற குழந்தைகிட்ட இருந்து ஒரு ரத்த குரூப்பைக் காரணம் சொல்லிப் பிடுங்கறது அநியாயமுங்க. கறி மீன் தரலாம், அதுல தப்பே இல்ல, அது எந்த குரூப்புக்கும்.

இப்ப சேலத்துத் தம்பிக்கு. அந்தப் புத்தகம் 1996ல வந்தது, எழுதினவர் பீட்டர் டி'அடாமோ. அவரு இயற்கை வைத்தியர், எம்பிபிஎஸ் மாதிரியான டாக்டர் இல்ல. இந்த யோசனையை ஆரம்பிச்சது அவங்கப்பா ஜேம்ஸ் டி'அடாமோ, 1980லயே புத்தகம் போட்டுட்டார். மகன் அதுக்கு "லெக்டின்" (செடிகள்ல இருக்கற ஒரு புரதம்) கதையும் ஆதிமனுஷன் கதையும் சேத்தார். புற்றுநோய்ல பத்து வருஷ ஆய்வு ஒண்ணு நடந்துட்டிருக்கு, எட்டாவது வருஷம் ஆச்சுன்னும் அந்தப் புத்தகத்துல எழுதியிருந்தார். அந்த முடிவு எந்த மருத்துவ இதழ்லயும் வரல.

ஆதிமனுஷன் கதை மரபணுல நிக்காது. ரத்த குரூப்பை முடிவு பண்ற ஏபிஓ மரபணு 9வது குரோமோசோம்ல இருக்கு. ஏ குரூப்புக்கான மரபணுல ஒரே ஒரு எழுத்து விழுந்து போனதால, ஏ-க்கான சர்க்கரையை அணு மேல ஒட்டற நொதி முழுசா உருவாகாமப் போச்சு. பெரும்பாலான ஓ அப்படி வந்ததுதான். அதாவது ஓ-ங்கறது ஏற்கனவே இருந்த ஒண்ணு உடைஞ்சு வந்தது. அதை எல்லாருக்கும் மூத்ததுன்னு சொல்ல முடியாது. ஏ, பி ரெண்டும் மனுஷனுக்கும் குரங்கினத்துக்கும் பொதுவா குறைஞ்சது 2 கோடி வருஷமா இருக்குன்னு 2012ல ஒரு ஆய்வு காட்டுச்சு. விவசாயம் வந்து பத்தாயிரம் சொச்சம் வருஷம்தான் ஆகுது. ஏ குரூப்பை உழவன் கண்டுபிடிக்கல.

சேலம்_ஓபாசிடிவ்
திங்கள், இரவு 11.31

மேடம், கதை தப்பாவே இருக்கட்டும். என் ரிப்போர்ட்டு தப்பா?

கைப்பிடி_உப்பு
செவ்வாய், காலை 6.50

ரிப்போர்ட்டு சரிதான் தம்பி, சந்தோஷமும்கூட. ஆனா நீங்க விட்ட ஐட்டத்தை நீங்களே எழுதினதைத் திரும்பப் படிங்க. பரோட்டா, பேக்கரி, பிஸ்கட், சக்கரை டீ, பாதிச் சோறு. எந்த குரூப்காரர் இதை விட்டாலும் சுகர் இறங்கும். நம்ம நாட்டுல சராசரியா ஒருத்தர் சாப்பிடற கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதுன்னு ஐசிஎம்ஆர்-இந்தியாப்ங்கற தேசிய சுகர் ஆய்வு 2025ல சொல்லுச்சு. அதுல கொஞ்சத்தைக் குறைச்சு பருப்பு, மீன், முட்டைன்னு மாத்தினாலே உடம்பு பதில் சொல்லும். உங்க ஷீட்டு நல்லதுதான் பண்ணிருக்கு. ஓ-ங்கற எழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அவ்வளவுதான்.

பருத்திப்பால்
செவ்வாய், காலை 7.40

மேடம் சொல்றதுக்கு எங்க வீட்டுலயே சாட்சி இருக்கு. எங்க மாமனார் ரிட்டையர் ஆனவர். இதே மாதிரி ஒரு லிஸ்ட் வாங்கிட்டு வந்து ஓ குரூப்னு சொல்லி கோதுமையைத் தொடாம, காபில பால் ஊத்தாம, கறியும் மீனுமா விரதம் மாதிரி இருந்தார். நிஜமாவே இளைச்சார். தெருவுல நடக்கறப்ப வயசு குறைஞ்ச மாதிரி ஒரு மிடுக்கு. மத்தவங்களுக்கும் ஒரே பிரசங்கம்.

அப்புறம் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்ல பி பாசிடிவ்னு வந்தது. நம்பாம வேற லேப்லயும் எடுத்தார், அங்கயும் பி. சர்வீஸ்ல இருந்தப்ப ஐடி கார்டுல எவனோ ஓன்னு அடிச்சதை முப்பது வருஷமா தூக்கிட்டு நடந்திருக்கார். தப்பான லிஸ்ட்டைச் சாப்பிட்டுத்தான் அந்த மனுஷன் இளைச்சது! மாமியார் கேட்டாங்க, "அப்ப இனிமே கோழி கூடாதா, இல்ல இத்தனை நாள் தின்ன கோழி எல்லாம் வேஸ்ட்டா?"

எட்டிப்பார்த்தவன்
செவ்வாய், காலை 7.52

மாமியாருக்கு ஒரு சல்யூட்.

ஸ்காபரோ_ரவுண்டபௌட்
செவ்வாய், காலை 8.30

நான் கனடாவில இருக்கிறன். பருத்திப்பால் சொன்ன கதையைத்தான் இஞ்ச டொராண்டோ பல்கலைக்கழகத்தில பெரிய அளவில செய்து பாத்தவை. 2014இல வந்த ஆய்வு. 1,455 பேர், எல்லாரும் இருபதுகளில இருக்கிற பொடியள் பெட்டையள். அவையளிட்ட ஒரு மாசம் என்னென்ன சாப்பிட்டவை எண்டு விவரமாக் கேட்டு, அந்தப் புத்தகத்தில இருக்கிற நாலு வகைச் சாப்பாட்டில எது எதை எவ்வளவு பின்பற்றினம் எண்டு ஒவ்வொருத்தருக்கும் புள்ளி போட்டவை. பிறகு ரத்தம் எடுத்து குரூப் பாத்தவை.

முடிவு இதுதான். ஏ வகைச் சாப்பாட்டை, அதாவது மரக்கறிச் சாப்பாட்டை, நெருக்கமாப் பின்பற்றினவைக்கு எடை, இடுப்பளவு, பிரஷர், கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைட், இன்சுலின் எல்லாம் குறைவு. ஓ வகைச் சாப்பாட்டுக்கு ட்ரைகிளிசரைட் குறைவு. ஆனா அவையின்ரை சொந்த ரத்த குரூப் அந்தச் சாப்பாட்டோட பொருந்தினதோ இல்லையோ, பலன் ஒண்டுதான். ஓ குரூப்காரன் ஏ சாப்பாடு சாப்பிட்டாலும் அதே நன்மை. மாமனார் தனி ஆள் எண்டு தள்ளிப்போட்டாலும் 1,455 பேரைத் தள்ள ஏலாது.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இஞ்ச எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் ஆஸ்பத்திரியில காசில்லாமல் பாக்கிற டயட்டீசியனிட்ட போகமாட்டினம், ஆனா ரத்த குரூப் பாத்து லிஸ்ட் தாறவனுக்கு காசு கட்டுவினம். கேட்டா "அவன் எனக்கெண்டே தனியா எழுதித் தந்தவன்" எண்டு சொல்லுவினம். நாலு தாளில ஒரு தாள், அதுதான் தனியா எழுதினது.

நைட்_டூட்டி_மதுரை
செவ்வாய், இரவு 11.48

இழையைக் காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன், இப்பதான் டூட்டில கொஞ்சம் அமைதி. நான் ரத்த வங்கி லேப் டெக்னீசியன். கொள்ளு விஷயத்தை யாரும் கவனிக்கலையே, அதைச் சொல்லிட்டுப் போறேன்.

அந்தப் புத்தகத்தோட அடிப்படை லெக்டின்தான். லெக்டின்னா செடிகள்ல, குறிப்பா பயறு வகைகள்ல இருக்கிற ஒரு புரதம். சிவப்பணு மேல இருக்கிற சர்க்கரை மூலக்கூறைப் பிடிச்சு அணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கும். புத்தகம் என்ன சொல்லுதுன்னா, ஒவ்வொரு சாப்பாட்டு லெக்டினும் குறிப்பிட்ட குரூப் ரத்தத்தை மட்டும் திரிய வைக்கும், அதனால அந்த குரூப்காரன் அதைச் சாப்பிடக் கூடாது.

நிஜம் என்னன்னா, பெரும்பாலான லெக்டினுக்கு குரூப் வித்தியாசமே தெரியாது. கோதுமை லெக்டின் எல்லா குரூப் அணுக்கள்லயும் இருக்கிற சர்க்கரையைப் பிடிக்கும். ராஜ்மா லெக்டினும் அப்படித்தான். ஏ, பி, ஓன்னு பிரிச்சுப் பாக்கிற லெக்டின் ரொம்பக் கொஞ்சம். அதுல உலகத்துலயே பேர் போனது எது தெரியுமா? நம்ம கொள்ளு.

சும்மா சொல்லல. எங்க ஃபிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள ஒரு சின்னக் குப்பி இருக்கு, பேரு ஆன்டி-ஏ1 லெக்டின். உள்ள இருக்கிறது கொள்ளுச் சாறு. ஏ குரூப்ல ஏ1, ஏ2ன்னு உட்பிரிவு இருக்கு. ஏ2 ஆளுங்கள்ல சிலருக்கு ஏ1 அணுவை எதிர்க்கிற ஆன்டிபாடி இருக்கும். அப்ப அணுவை வச்சுப் பாக்கிற குரூப்பிங்கும் சீரத்தை வச்சுப் பாக்கிற குரூப்பிங்கும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. அந்த மாதிரி நேரத்துல கண்ணாடிக் குழாய்ல அணுக் கரைசல் ஒரு சொட்டு, கொள்ளு லெக்டின் ஒரு சொட்டு விட்டு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்து, குழாயை லேசாத் தட்டிப் பாப்போம். அடியில படிஞ்ச சிவப்பு பொட்டு பிரியாம கட்டியா உருண்டு வந்தா ஏ1. புகை மாதிரி கரைஞ்சு மேல எழும்பினா ஏ1 இல்ல. சாறு கெட்டியா இருந்தா ஏ2வையும் பிடிச்சிரும், அதனால சரியான அளவுக்கு நீர்க்க வச்சுத்தான் குப்பில அடைக்கிறாங்க.

இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவர் ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட். 1951ல பெங்களூர்ல இருந்து வர்ற கரண்ட் சயின்ஸ் இதழ்லதான் எழுதினார். அப்புறம் உலகம் பூரா ரத்த வங்கிகள்ல கொள்ளு வந்திருச்சு.

இப்ப அக்கா வீட்டுக்காரரோட ஷீட்டைப் பாருங்க. அவர் ஏ பாசிடிவ். ஏ குரூப்ல பெரும்பாலானவங்க ஏ1. லெக்டின் தியரி நிஜம்னா அவர் வாழ்க்கைல முதல்ல தடை போட வேண்டியது கொள்ளுதான். ஷீட்டுல "கொள்ளு நல்லது"ன்னு போட்டிருக்கு! இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளுங்கிற பழமொழியை ஏ குரூப் தாள்ல சேத்து அடிச்சிருக்காங்க. எழுதினவருக்குத் தன்னோட தியரியே தெரியல.

பயப்படாதீங்க, அவர் கொள்ளு ரசம் தாராளமா குடிக்கலாம். குக்கர்ல வேகிறப்ப லெக்டினோட வேலை அனேகமா முடிஞ்சிரும். பரம்பரை பரம்பரையா கொள்ளுத் துவையலும் கொள்ளுப் பருப்பும் தின்ன ஊர் இது, ஏ குரூப்காரன் எவனுக்கும் ரத்தம் கட்டினதா கேள்விப்பட்டதில்ல. எங்க குழாய்க்குள்ள நடக்கிறது வேற, வயித்துக்குள்ள நடக்கிறது வேற.

சேலம்_ஓபாசிடிவ்
புதன், காலை 7.05

அண்ணே இது எனக்குப் புதுசு. அப்ப லெக்டின்ங்கிறதே டுபாக்கூரா?

நைட்_டூட்டி_மதுரை
புதன், காலை 7.20

லெக்டின் டுபாக்கூர் இல்ல தம்பி. ராஜ்மாவை அரைவேக்காடா தின்னுப் பாருங்க, சில மணி நேரத்துல வாந்தியும் பேதியும். அந்த லெக்டின் அவ்வளவு மோசம். ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு நல்லாக் கொதிக்க விட்டு வேக வைக்கணும். மெதுவா சூடு ஏத்துற மின்சாரப் பானைல போட்டா சூடு பத்தாது, இன்னும் ஆபத்து. ஆனா அந்த வாந்தி ஏ, பி, ஓ பாத்து வராது.

வீடு போறேன், தூக்கம் வருது.

மூத்த_குடி
புதன், காலை 10.30

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆளுக்கு ஆள் உடல்வாகு வேறு, உணவும் வேறு என்பது நம் சித்த மருத்துவம் காலங்காலமாகச் சொல்லி வருவது. வாத உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத கிழங்கு மற்றொருவருக்கு ஒத்துக்கொள்ளும். கப உடம்புக்குத் தயிரைக் குறைக்கச் சொல்வார்கள். அமெரிக்கர் சொன்னது அதையேதானே? சித்தர்கள் அறிந்திருந்த ரத்த வகையைத்தான் வெள்ளைக்காரன் பெயர் மாற்றிச் சொல்கிறான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது.

கைப்பிடி_உப்பு
புதன், பகல் 1.05

ஐயா, மரியாதையோட சொல்றேனுங்க. சித்த வைத்தியர் நாடி பாக்கறார், நாக்கு பாக்கறார், பசி, தூக்கம், மலம், பருவம் எல்லாம் கேக்கறார். அது சரியா தப்பாங்கறது தனி விவாதம், ஆனா ஆளைப் பாத்துச் சொல்றார். இந்த ஷீட்டு ஆளையே பாக்கல. வாட்ஸ்அப் செய்தி பொய். ஏபிஓ வகைகளைக் கண்டுபிடிச்சது வியன்னால கார்ல் லாண்ட்ஸ்டைனர், 1901ல வெளியிட்டார், 1930ல நோபல் வாங்கினார். அவரு தேடினது, ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்தோட கலந்தா ஏன் சிலப்ப கட்டியாகுதுங்கறதைத்தான். சாப்பாடு அவரு கணக்குலயே இல்ல. சித்தர் பேரை இதுல இழுத்தா சித்த மருத்துவத்துக்குத்தான் அவமானமுங்க ஐயா.

ஆளுக்கு ஆள் உணவு மாறும்ங்கறது நிச்சயம் உண்மை. சுகர், சிறுநீரகம், தைராய்டு, கர்ப்பம், பால்ல இருக்கற லாக்டோஸ் செரிக்காத தன்மை, கோதுமை ஒவ்வாமை, வயசு, வேலை இதெல்லாம் பாத்து மாறும். அதனாலதான் இந்தப் பொய் இவ்வளவு சுலபமா நம்ம மனசுல ஒட்டிக்குது.

பருத்திப்பால்
புதன், பகல் 2.40

அப்ப ரத்த குரூப்புக்கும் நோய்க்கும் சம்பந்தமே கிடையாதா மேடம்? ஏ குரூப்புக்கு வயித்துல புற்றுநோய் வரும்னு எங்கயோ படிச்சேன்.

கைப்பிடி_உப்பு
புதன், இரவு 9.30

இருக்கு, நல்ல கேள்விங்க. ஏ குரூப்காரங்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு 1953லயே இங்கிலாந்துல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் வந்த ஆய்வுகளும் அதைத்தான் சொல்லுது. ஓ குரூப்காரங்களுக்கு குடற்புண் கொஞ்சம் அதிகம். ரத்தம் உறையறதுக்கு உதவற வான் வில்லிபிராண்ட் காரணி ஓ குரூப்ல கால்வாசி குறைவு, அதனால கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டற பிரச்சனை அவங்களுக்குக் குறைச்சல். மூளை வரைக்கும் போற கடுமையான மலேரியால இருந்தும் ஓ கொஞ்சம் காப்பாத்தும், ஆனா காலரா வந்தா ஓ குரூப்பைத்தான் கடுமையாத் தாக்கும். இதெல்லாம் அடிச்சு நிரூபிச்ச விஷயம்.

பாத்தீங்கன்னா இதுல ஒண்ணுகூட "தக்காளி சாப்பிடாதே" கிட்ட கொண்டு போகல. ஏ குரூப்காரர் வயித்தைக் காப்பாத்தணும்னா உப்பு ஊறின கருவாடு, ஊறுகாயைக் குறைக்கணும், புகையிலையை விடணும், ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தா மருந்து சாப்பிடணும். மத்த மூணு குரூப்புக்கும் அதே வைத்தியம்தான்.

சாப்பாட்டுப் பக்கம் ஆதாரம் தேடிப் பாத்தவங்களும் இருக்காங்க. பெல்ஜியம் செஞ்சிலுவைச் சங்கத்தோட ஃபிளாண்டர்ஸ் பிரிவு 2013ல 1,415 கட்டுரைகளைச் சலிச்சாங்க. 16 தேறுச்சு. கடைசில தகுதியானதுன்னு நின்னது ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஏபிஓ இல்ல, எம்என்எஸ்னு வேற ஒரு ரத்த வகைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பு. பல வருஷமா வித்த புத்தகத்துக்குப் பின்னாடி அதை நேரா சோதிச்ச ஒரு நல்ல ஆய்வுகூட கிடைக்கல. அமெரிக்கால நீல் பர்னார்டுங்கற டாக்டரோட குழு, கொழுப்பு குறைஞ்ச சுத்த சைவ உணவை 16 வாரம் கொடுத்துப் பாத்தாங்க. அதுல 68 பேரோட ரத்த குரூப்பை எடுத்து ஒப்பிட்டா, எடையும் கொலஸ்ட்ராலும் சுகரும் இறங்கினதுல ஏவுக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் இல்ல, ஓவுக்கும் இல்ல.

பொருநைக்கரை
வியாழன், காலை 11.20

எல்லாத்தையும் அவுகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். கொள்ளு கதைய கேட்டுட்டு ரெண்டு தடவ திருப்பி வாசிக்கச் சொன்னாக. மகளுக்கு பால் திரும்ப ஆரம்பிச்சாச்சு. எனக்கு நல்லெண்ணெய் தோசை வந்துட்டு.

ஆனா அவுக சைவத்துலயே கொஞ்ச நாள் இருந்து பாக்கேன்னு சொல்லுதாக. சோத்தையும் பாதியாக்கி, ராத்திரி சாப்பாட்ட ஏழு மணிக்கு முடிச்சிருதாக. நேத்து சாயங்காலம் கை நடுங்குது, வேர்க்குதுன்னு சொன்னாக. ஒரு டம்ளர் கருப்பட்டி காப்பி குடிச்சதும் சரியாயிட்டு. டயட்டால உடம்புல விஷம் வெளியேறுதுன்னு அந்த கிளினிக்குல போன்ல சொன்னாங்க. குரூப்புக்குன்னு ஒரு பொடியும் குடுத்திருக்காங்க, டப்பால என்ன சேத்திருக்குன்னே போடல.

கைப்பிடி_உப்பு
வியாழன், காலை 11.34

அக்கா, இதை இப்பவே படிங்க. அது விஷம் வெளியேறறது இல்லீங்க. சுகர் தாழ்ந்து போறது. மாத்திரை அட்டையைப் பாருங்க, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடுன்னு ஏதாவது பேர் இருக்கா? தனியாவோ மெட்பார்மினோட சேந்தோ இருக்கும். இந்த வகை மாத்திரை நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோத்தைப் பாதியாக்கிட்டு மாத்திரையை அதே அளவு போட்டா இப்படித்தான் ஆகும். வண்டி ஓட்டறப்ப வந்தா என்ன ஆகறது?

இன்னிக்கே சுகர் டாக்டரைப் பாருங்க. சாப்பாட்டை மாத்தினதைச் சொல்லுங்க, அளவை அவர் மாத்தித் தருவார். நீங்களா நிறுத்த வேண்டாம். அதுவரைக்கும் சோறு வழக்கமான அளவே இருக்கட்டும், வேளை தவற வேண்டாம். நடுக்கம் வந்தா மூணு டீஸ்பூன் சக்கரையைத் தண்ணில கலக்கிக் குடிக்கட்டும், கால் மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70க்குக் கீழ இருந்தா திரும்ப ஒரு தடவை. பொடியை நிறுத்திட்டு டப்பாவையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. என்ன கலந்திருக்குன்னு போடாத பொடில சுகர் மாத்திரையையே அரைச்சுச் சேக்கறவங்களும் உண்டு.

சேலத்துத் தம்பி, உங்களுக்கும்தான். ராத்திரி கறியோ முட்டையோன்னு சொன்னீங்க. சுகர் இருக்கறவருக்கு சிறுநீரகம் எப்படி இருக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினினும் சிறுநீர்ல அல்புமினும் பாக்கணும். எங்ககிட்ட வந்த ஒருத்தர், சிறுநீரகம் பாதி பழுதான நிலைல, ஓ குரூப்னு சொல்லி மூணு வேளையும் கறி சாப்பிட்டுட்டு இருந்தார். லிஸ்ட் கொடுத்தவங்க கிரியாட்டினின் என்னன்னு கேக்கவே இல்ல.

சேலம்_ஓபாசிடிவ்
வியாழன், பகல் 12.10

கிரியாட்டினின் எடுத்து ரொம்ப நாளாச்சு மேடம். சனிக்கிழமை எடுத்துடறேன். பரோட்டாவைத் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன், அதுல மாற்றம் இல்ல. ஆனா டீக்கு பால் ஊத்திக்கப் போறேன், கருப்பு டீ குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு.

பொருநைக்கரை
வியாழன், இரவு 8.45

பாத்துட்டு வந்தாச்சு. மாத்திரை அட்டைல நீங்க சொன்ன முதல் பேருதான் இருந்தது. காலைல மட்டும், பாதி அளவுன்னு மாத்தி எழுதியிருக்காரு. சைவமா இருக்கறதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல, "பருப்பு, சுண்டல் கூட்டிக்கோங்க"ன்னாரு. பொடி டப்பாவ அவரே வாங்கி வச்சுக்கிட்டாரு. ரொம்ப நன்றிம்மா.

அமைதி_வாசகன்
வியாழன், இரவு 10.15

முதல் தடவை எழுதறேன். மதுரை அண்ணனுக்கு ஒரு கேள்வி. நானும் ஏ பாசிடிவ், ரெகுலரா ரத்தம் குடுக்கறவன். நான் ஏ1ஆ ஏ2வான்னு என் டோனர் கார்டுல போட்டிருக்குமா? ஏ2ன்னா எனக்கு ரத்தம் ஏத்தறப்ப சிக்கலா?

நைட்_டூட்டி_மதுரை
வியாழன், இரவு 11.55

பெரும்பாலும் போட மாட்டாங்க தம்பி, கார்டுல ஏ பாசிடிவ்னுதான் இருக்கும். சந்தேகம் வந்தாத்தான் கொள்ளுக் குப்பியை வெளிய எடுப்போம். ஏ2 ஆளுங்க நம்ம பக்கம் குறைச்சல், அதுலயும் ஏ1க்கு எதிரா ஆன்டிபாடி இருக்கிறவங்க இன்னும் குறைச்சல். அப்படியே இருந்தாலும் அந்த ஆன்டிபாடி பெரும்பாலும் குளிர்ல மட்டும் வேலை செய்யும், உடம்புச் சூட்டுல சும்மா கிடக்கும். 37 டிகிரிலயும் வேலை செய்யுதுன்னா ஏ2 ரத்தமோ ஓ ரத்தமோ தேடிக் கொடுப்போம். எதுவானாலும் ஏத்துறதுக்கு முன்னாடி கிராஸ் மேட்ச் (ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு கலந்து பாக்கிறது) பண்ணாம பை வெளிய போகாது.

அடுத்த தடவை ரத்தம் குடுக்கப் போறப்ப லேப்ல சொல்லுங்க, ஆள் கூட்டம் இல்லைன்னா பாத்துச் சொல்லுவாங்க. காலைல வெறும் வயித்தோட மட்டும் போயிராதீங்க.